கற்பனைப் பேரரசனுக்கு வாழ்க்கை எழுதுறதும் அவன் மேல கதை கட்டுறதும்: நான் செய்ற முறை

முதல்ல ரெண்டு நோட்டு வாங்குங்க. ஒண்ணுல "நடந்தது"னு எழுதுங்க, இன்னொண்ணுல "சொல்றது"னு எழுதுங்க. இந்த ரெண்டையும் கடைசி வரைக்கும் ஒண்ணா கலக்காதீங்க. சொந்தமா ஒரு உலகம் படைச்சு அதுல ஒரு பேரரசனை எழுத ஆசைப்படுற நிறைய பேரோட எழுத்தை நான் படிச்சிருக்கேன், முக்கால்வாசி ஒரே மாதிரிதான் இருக்கும். வால்நட்சத்திரம் தோணுன ராத்திரியில பொறந்தான், பதினாறு வயசுல வாள் எடுத்தான், ஏழு போர் ஜெயிச்சான், நீதி தவறாம ஆண்டான், செத்தான். இது வாழ்க்கையும் இல்ல, கதையும் இல்ல. ஏன்னா வாழ்க்கைன்னா அதுல சோத்துக் கணக்கு இருக்கணும், கதைன்னா அதைச் சொல்ற ஆளுக்கு ஒரு தேவை இருக்கணும், இதுல ரெண்டும் கிடையாது.

நிஜத்துல ரெண்டு நோட்டும் எவ்வளவு தூரம் விலகிப் போகும்னு பாக்கணும்னா அசோகனைப் பாருங்க. கல்வெட்டுல இருக்கிற ஆள் ஒருத்தர், கலிங்கத்துல ஒன்றரை லட்சம் பேரைப் பிடிச்சுட்டுப் போனோம், ஒரு லட்சம் பேர் செத்தாங்க, அதை நினைச்சா மனசு வலிக்குதுன்னு பதிமூணாவது பாறைக் கல்வெட்டுல அவரே சொல்றார். அசோகாவதானம்ங்கிற பௌத்தக் கதை நூல்ல வர்ற ஆள் வேற. முற்பிறவியில சின்னப் பையனா தெருவுல விளையாடிட்டு இருக்கும்போது புத்தர் பாத்திரத்துல ஒரு கைப்பிடி மண்ணைப் போடுறான், அந்தப் புண்ணியத்துல சக்கரவர்த்தியா பொறக்கிறான், எண்பத்து நாலாயிரம் ஸ்தூபி கட்டுறான், கடைசியில மந்திரிமார் கஜானாவைப் பூட்டினதுக்கு அப்புறம் அவன் கையில மிஞ்சுறது பாதி நெல்லிக்கனி, அதையும் புத்த பிக்குகளோட சங்கத்துக்குக் கொடுத்தனுப்புறான். மண்ணுல ஆரம்பிச்சு பாதி நெல்லிக்கனியில முடியுது பாருங்க, எவ்வளவு அழகு. ஆனா இதுல எதுவும் கல்வெட்டுல கிடையாது. அதே மாதிரி கல்வெட்டுல அவ்வளவு பெருசா பேசுற கலிங்கப் போரைப் பத்தி அந்தக் கதைக்குக் கவலையே இல்ல.

சரி, முதல் நோட்டுக்கு வருவோம். இங்க எல்லாரும் ராஜாவோட பொறப்புல ஆரம்பிப்பாங்க, நான் வேண்டாம்னு சொல்வேன். ஊருக்கு என்ன குறைன்னு முதல்ல எழுதுங்க. தண்ணியா, உப்பா, இரும்பா, துறைமுகமா, வடக்குல இருந்து வர்ற குதிரைக்காரனா? அந்தக் குறையைத் தீர்க்க ஒருத்தன் கையில அளவுக்கு மீறி அதிகாரம் சேருது, அவன்தான் பேரரசன் ஆகுறான். குறை இல்லாத நாட்டுல குட்டி குட்டி ராஜாவா அவனவன் பாட்டுக்கு இருப்பான்.

நான் எழுதிட்டு இருக்கிற உலகத்துல இருந்தே காட்டுறேன், அப்பதான் புரியும். என் ஆள் பேரு தொறுவன். நாடு தாழ்வான கடற்கரை நாடு, வருஷா வருஷம் ஐப்பசி புயல்ல கடல் உள்ள வந்து வயலை உப்பாக்கிட்டுப் போகுது. அதுதான் குறை. தீர்வு ஒரு கரை, கடலோரம் நீளத்துக்கும் மண் கரை. இவ்வளவுதான் முதல் நாள் என்கிட்ட இருந்துச்சு, ராஜா யாருன்னு கூட தெரியாது.

அடுத்து கணக்கு போடுங்க, தயவுசெஞ்சு இந்த இடத்தைத் தாண்டிப் போகாதீங்க, என் கதை மொத்தமும் இங்கிருந்துதான் கிடைச்சுது. கரை 12 கிலோமீட்டர் நீளம்னு வச்சேன், உயரம் 4 மீட்டர், அடியில 12 மீட்டர் அகலம், மேல 4 மீட்டர். அப்ப வெட்டுமுகம் 32 சதுர மீட்டர், மொத்த மண் 3,84,000 கன மீட்டர். ஒரு ஆள் வெட்டி, கூடையில அள்ளி, தலையில சும்மாடு வச்சு சுமந்து கொட்டுறதுக்கு நாளைக்கு ஒரு கன மீட்டர்னு வச்சுக்கிட்டேன். மழை ஓஞ்சு அடுத்த மழைக்குள்ள வேலை நடக்கக்கூடிய நாள் 120. அப்படின்னா 3,200 பேர் ஒரு நாள் கூட லீவு இல்லாம வேலை செய்யணும். இதோட முடியல, 3,200 பேருக்கும் சோறு போடணும். ஒருத்தருக்கு நாளைக்கு முக்கால் கிலோ தானியம்னாலும் ஒரு நாளைக்கு 2,400 கிலோ, 120 நாளைக்கு 288 டன். வயல் எல்லாம் உப்பாகிக் கிடக்குற நாட்டுல 288 டன் தானியம் எங்கிருந்து வரும்?

அந்தக் கேள்வியில நான் ரெண்டு நாள் உக்காந்திருந்தேன். பதில் ஒண்ணுதான், மேட்டு நாட்டுல இருந்துதான் வரணும், அங்க தினை விளையுது. வாங்கினானா பிடுங்கினானா? பொக்கிஷத்துல காசு இருக்கிற நாடா இருந்தா வாங்கிருப்பான். இல்லையே, அதனால பிடுங்கினான், விதைக்கு வச்சிருந்த தினையையும் சேத்துப் பிடுங்கினான். இப்ப பாருங்க, ஒரு மண் கரைக் கணக்குல இருந்து எனக்கு ஒரு மகாராஜா கிடைச்சான், அவனைக் கும்பிடுற ஜனமும் கிடைச்சுது, மூணு தலைமுறைக்கு அவனைச் சபிக்கிற ஜனமும் கிடைச்சுது. நல்லவனா கெட்டவனான்னு நான் முடிவு பண்ண வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. உங்க ஆள் கரை கட்டலைன்னா ரோடு போடட்டும், கோட்டை கட்டட்டும், படை நடத்தட்டும், எதுவா இருந்தாலும் ஆள் எத்தனை, நாள் எத்தனை, சோறு எத்தனைன்னு மூணையும் போட்டுப் பாருங்க.

கணக்கு முடிஞ்சதும் கதை எழுத உக்காராதீங்க, அதுக்கு முன்னாடி அந்த அரசாங்கம் எழுதின மாதிரி மூணு டாக்குமென்ட் எழுதுங்க. ஒரு நில ஆணை, ஒரு கோயில் அல்லது சத்திரக் கணக்கு, ஒரு புகழ்மாலை. ஏன்னா ராஜாக்களைப் பத்தி நமக்கு மிஞ்சுறது பெரும்பாலும் இப்படித்தான் மிஞ்சுது. ஆதித்த கரிகாலன் கொலையைப் பத்தி கல்வெட்டு ஆதாரம்னு நாம எல்லாரும் பேசுற உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கோங்க, காட்டுமன்னார்கோயில் பக்கம் இருக்கு, அது கொலையை விசாரிச்ச அறிக்கை இல்ல. ராஜராஜனோட ரெண்டாவது ஆட்சி வருஷத்துல துரோகிகளோட நிலம், அவங்க சொந்தக்காரங்களோட நிலம் இதையெல்லாம் என்ன செய்யணும்கிற சொத்து விவகாரம். ஏன் கொன்னாங்க, எப்படிக் கொன்னாங்கன்னு ஒரு வார்த்தை கிடையாது. ஒரு பட்டத்து இளவரசன் செத்தது நிலக் கணக்குக்கு நடுவுல ஒரு வரியா வந்து போகுது, அந்த ஒரு வரியை வச்சு இன்னைக்கு வரைக்கும் நாம தூக்கம் இல்லாம பேசிட்டு இருக்கோம். உங்க பேரரசனோட ரொம்பப் பெரிய ரகசியத்தையும் இப்படி ஒரு சலிப்பான காகிதத்துல ஓரமா வைங்க.

கோயில் கணக்குன்னா தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டு மாதிரி வேற பாடமே இல்ல. நாம் குடுத்தது, நம் அக்கன் குடுத்தது, நம் பெண்டுகள் குடுத்ததுன்னு குடும்பத்தோட ஆரம்பிக்கும், அப்புறம் கொடுத்த பொன்னை எல்லாம் ஆடவல்லான்னு பேர் வச்ச எடைக்கல்லால நிறுத்து எத்தனை எடைன்னு வரும், கோயில்ல ஆடுற தளிச்சேரிப் பெண்கள் 400 பேருக்கும் பேரோட எந்தத் தெரு எந்த வீடுன்னு வரும். ஒரு ராஜாவோட குணம் அவன் எதை எண்ணி வைக்கிறான்ங்கிறதுல தெரியும். அக்காவை மனைவிமாருக்கு முன்னால சொல்றான் பாருங்க, அது போதும் எனக்கு, அந்த வீட்டுல யார் பேச்சு எடுபடும்னு தெரிஞ்சிடுது. உங்க பேரரசனுக்கும் ஒரு எடைக்கல் கொடுங்க, அதுக்கு ஒரு பேரும் வைங்க.

மூணாவது புகழ்மாலை, அதாவது மெய்க்கீர்த்தி. இதுல நான் கத்துக்கிட்டது, அதை ஒரே தடவையா எழுதக் கூடாது. ராஜராஜன் மெய்க்கீர்த்தி வருஷம் ஏற ஏற நீளும், ஜெயிச்ச நாட்டுப் பேர் ஒவ்வொண்ணா சேரும், கடைசிப் பக்கத்துலதான் முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரமும் வந்து உக்காரும். அதனால உங்க ஆளுக்கு நாலாவது வருஷம் ஒண்ணு, பன்னிரண்டாவது வருஷம் ஒண்ணு, இருபத்தஞ்சாவது வருஷம் ஒண்ணுன்னு மூணு எழுதுங்க, எது சேருது எது காணாமப் போகுதுன்னு பாருங்க. காணாமப் போன வரியிலதான் கதை இருக்கும். அப்புறம் காந்தளூர்ச் சாலை கலமறுத்தருளினு வருதே, அது கப்பலை அழிச்சதா, சாப்பாட்டு ஏற்பாட்டை நிறுத்தினதா, வேற ஏதாவதான்னு அறிஞர்கள் இன்னும் சண்டை போட்டுட்டு இருக்காங்க, அந்த மாதிரி உங்க உலகத்து ஆளுங்களுக்கே புரியாத ஒரு வாக்கியத்தையும் வேணும்னே விட்டு வைங்க. தொறுவனோட பன்னிரண்டாம் வருஷத்து மெய்க்கீர்த்தி நான் எழுதினது இது:

உப்புவிளை நிலத்து ஒலிகடல் வாங்கி
ஓர் இரவில் ஏழுகல் நெடுங்கரை உயர்த்தி
மேட்டு நாட்டார் மனமுவந்து அளித்த
தினைக்குவை ஏற்றுத் திரைப்பகை தீர்த்த
கோக் கடல்வாங்கி தொறுவ தேவர்க்கு
யாண்டு பன்னிரண்டு ஆவது

நாலாம் வருஷத்துல தினையைப் பத்தி பேச்சே இல்ல. பன்னிரண்டாம் வருஷத்துல "மனமுவந்து அளித்த"னு வருது. எட்டு வருஷம் கழிச்சு அந்த வரியைச் சேத்தாங்கன்னா அந்த எட்டு வருஷத்துல மேட்டு நாட்டுல என்னமோ கலவரம் நடந்திருக்கு, அதை மறைக்கத்தான் சேத்திருக்காங்க. நான் யோசிச்சு வைக்கல, எழுதிப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது.

இதுல இன்னொரு விஷயம், யாருக்கு எதைச் சொல்லலைன்னும் பாக்கணும். அசோகனோட அந்தப் பதிமூணாவது கல்வெட்டு, கலிங்கத்துல செத்தவங்களுக்காக வருத்தப்படுறது, கலிங்கத்துலயே இல்ல. கலிங்கத்து ஊர்களான தௌளியிலயும் ஜௌகடாவுலயும் பதினொண்ணுல இருந்து பதிமூணு வரைக்கும் எடுத்துட்டு வேற ரெண்டு ஆணை வெட்டி வச்சிருக்காங்க, அதுல எல்லா மனுஷரும் என் பிள்ளைகள்னு இருக்கு. அடி வாங்கினவன் ஊருல "வருத்தப்படுறேன்"ங்கிற கல்லை வைக்கல, "நீ என் பிள்ளை"ங்கிற கல்லை வச்சிருக்கார். இதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. உங்க பேரரசனோட ஆணையையும் ஊருக்கு ஊர் மாத்தி எழுதிப் பாருங்க.

இப்ப ரெண்டாவது நோட்டு. ஒரு கதை கட்டணும்னா என்கிட்ட இருக்கிற கருவி ஒரே ஒரு கேள்விதான்: எந்தச் சங்கடமான கேள்விக்கு இந்தக் கதை பதில் சொல்லுது? செஜாரா மெலாயுனு மலாய் அரசர்களோட பழைய வரலாறு இருக்கு, அதுல நம்ம சோழன் வர்றான், ராஜா சூலன், ராஜா சூரன்னு ஏட்டுக்கு ஏடு பேர் மாறும், சோழன்ங்கிற பேர்தான் அப்படித் திரிஞ்சுதுன்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க. 1025ல ராஜேந்திரன் கப்பல் படை ஸ்ரீவிஜயத்து மேல போனதோட எதிரொலி அது. கதைப்படி அந்த ராஜா உலகத்தையே ஜெயிச்சு சீனாவை ஜெயிக்கக் கிளம்பி தெமாசெக், அதாவது இன்னைக்கு சிங்கப்பூர், வரைக்கும் வந்துடுறான். சீனாக்காரங்க ஒரு கப்பல்ல பல்லு போன கிழவனுங்களையும், காய்ச்சு நிக்கிற பழ மரங்களையும், துருப்பிடிச்ச ஊசிகளையும் ஏத்தி அனுப்புறாங்க. சீனா எவ்வளவு தூரம்னு கேட்டா, நாங்க கிளம்பும்போது சின்னப் பசங்க, இந்த மரமெல்லாம் அப்ப விதையா நட்டது, இந்த ஊசியெல்லாம் கை தடிமனுக்கு இரும்புக் கம்பியா இருந்துச்சு, வந்து சேர்றதுக்குள்ள தேஞ்சு போச்சுங்கிறாங்க. ராஜா யோசிச்சுப் பாத்துட்டுத் திரும்பிடுறான். அப்புறம் கண்ணாடிப் பெட்டியில உக்காந்து கடலுக்கு அடியில போறான், அங்க ஒரு ராஜகுமாரியைக் கல்யாணம் பண்ணிக்கிறான். இவ்வளவு பெரிய ராஜா ஏன் சீனாவுக்குப் போகலைங்கிற கேள்வி இருக்குல்ல, அதுக்குப் பதில்தான் அந்த ஊசி. தோக்கல, பயப்படல, தூரம் அவ்வளவுதான். கடலுக்கடியில நடந்த கல்யாணத்துக்கும் ஒரு வேலை இருக்கு, அந்த வம்சத்துல இருந்து வந்தவங்கதான் நாங்கன்னு மலாய் அரசர்கள் சொல்லிக்கிறதுக்கு.

தொறுவனுக்கு சங்கடமான கேள்வி மூணு இருந்துச்சு. மாட்டுக்காரன் மகன் எப்படி ராஜா ஆனான்? முதல் வருஷம் கட்டின கரை ஏன் உடைஞ்சுது? அவன் ஏன் நொண்டினான்? ஒவ்வொண்ணுக்கும் கேக்குற ஆள் வேற, பதில் சொல்ற ஆள் வேற. நடந்தது என்னன்னா, முதல் வருஷம் ஓடை வாய்க்கு நேரா கரையைப் போட்டான். உப்பளத்துல வேலை செய்ற அளத்தின்னு ஒரு அம்மா, வண்டல் வெடிச்சிருக்கிற விதத்தைக் காட்டி, இங்க அடைக்காதீங்கய்யா, ஓடைக்கு வழி விட்டு மதகு வைங்கன்னு சொன்னா. கேக்கல. ஐப்பசியில உடைஞ்சு 140 பேர் போயிட்டாங்க, இடிஞ்ச மண்ணுல மாட்டி இவன் கால் போச்சு. அடுத்த வருஷம் அந்த அம்மா சொன்ன இடத்துல மதகு வச்சான், நின்னுடுச்சு.

கதையா மாறும்போது என்ன ஆகும்? எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஊர்வாயில நாலஞ்சு விதமாத்தான் எல்லாம் திரியும். நாள் சுருங்கும், 120 நாள் ஒரு ராத்திரி ஆகும். ஆள் குறையும், 3,200 பேர் ஒருத்தன் ஆவாங்க. யோசனை சொன்ன மனுஷி தெய்வம் ஆயிடுவா, அளத்தி கடலம்மன் ஆயிட்டா. தப்பு, தியாகம் ஆகும், கால் இடிஞ்சது போய் "கடல் ஒரு கால் கேட்டுச்சு, ராஜா கொடுத்தான்"னு வரும். கடைசியா பேருக்கு புது விளக்கம் வரும், தொறுன்னா மாட்டு மந்தை, நடுகல்லுல எல்லாம் தொறு மீட்டு செத்தான்னு வருமே அதே தொறு, ஆனா அவன் பேரன் காலத்துப் புலவருக்கு அது கூச்சமா இருக்கு, அதனால துறவுல இருந்து வந்த பேருன்னு சொல்லிட்டுப் போறார். இந்த மாற்றங்கள்ல ஒரு கதைக்கு ரெண்டு போதும், அஞ்சையும் ஒரே கதையில போட்டா நம்ப மாட்டாங்க.

ஒரே ஆளுக்கு ஊருக்கு ஊர் வேற கதை இருக்கணும். அலெக்சாண்டரை எகிப்துக்காரங்க எங்க கடைசி பார்வோன் நெக்டனெபோவோட மகன்னு சொல்லிக்கிட்டாங்க, பாரசீகக் காவியத்துல அவன் தான் தோக்கடிச்ச பாரசீக ராஜா தாராவுக்கே அண்ணன் தம்பி முறை, ஆனா அதே பாரசீகத்து ஜரதுஷ்டிர மரபுல அவன் சபிக்கப்பட்டவன், வேதத்தை எரிச்சவன். தோத்தவங்களுக்கு தோல்வியைத் தாங்க ஒரு வழி, ஜெயிச்சவன் நம்ம ரத்தம்னு சொல்லிடுறது. இன்னொரு வழி சபிக்கிறது. ரெண்டுமே நடந்திருக்கு. என் மேட்டு நாட்டுல கிழவிங்க பாடுற தாலாட்டு:

ஆராரோ ஆரிரரோ அடுக்குப்பானை வெறும்பானை
விதைத்தினையும் போச்சுதடி விடியுமுன்னே ஆளு வந்து
கடலை அடைச்ச மகராசன் கதவடைச்ச வீடெத்தனை
கரைமேல போற பல்லக்கே காலாட்டாமப் போறியோ

கதையோட மொழியை இப்படி ஆளுக்கு ஆள் மாத்துறது ரொம்ப முக்கியம். அரண்மனை மெய்க்கீர்த்தி நடையில பேசும், கிழவி தாலாட்டுல பேசுவா, உப்பளத்துல சண்டை போடும்போது "உன் வாய்க்கு ஒரு மதகு வை"ம்பாங்க. எல்லாரும் ஒரே செந்தமிழ்ல பேசினா அது உங்க குரல், அவங்க குரல் இல்ல.

சாவுக்கு வருவோம், இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க. பேரரசன் செத்த அன்னைக்குத்தான் கதைக்கு உயிர் வருது. கேள்வி எப்படிச் செத்தான்ங்கிறது இல்ல, யாருக்கு முதல்ல தெரிஞ்சுது, எத்தனை நாள் மறைச்சாங்க. சீனாவோட முதல் பேரரசன் சின் ஷி ஹுவாங் கி.மு. 210ல தலைநகரத்துக்கு ரொம்பத் தூரத்துல பயணத்துல இருக்கும்போது செத்துப்போனான், மந்திரி லி ஸியும் ட்சாவ் காவும் வெளியில சொல்லல, வண்டிக்குள்ள சாப்பாடு போயிட்டே இருந்துச்சு, கோடைக்காலம், நாத்தம் வர ஆரம்பிச்சதும் கருவாட்டு மீன் வண்டியை பக்கத்துல ஓட்டி வந்தாங்கன்னு சீன வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதியிருக்கார். அந்த இடைவெளியில வாரிசையே மாத்திட்டாங்க. சிமா சியென் எழுதினது சுமார் நூறு வருஷம் கழிச்சு, சின் வம்சத்துக்கு அப்புறம் வந்த ஹான் வம்சத்து ஆட்சியில, இதையும் கவனிங்க, முந்தின வம்சத்தோட சாவை யார் எழுதுறாங்கன்னு.

தொறுவன் கரையைப் பாக்கப் போன இடத்துல காய்ச்சல்ல செத்தான். பெரிய ஓதம் வர்ற நாள் நெருங்குது, ராஜா செத்தான்னு தெரிஞ்சா கரையில நிக்கிற ஆளெல்லாம் ஊருக்குக் கிளம்பிடுவான். அதனால 19 நாள் திரை போட்ட பல்லக்குல வச்சு கரை மேலயே கொண்டு போனாங்க, உப்புதான் ஏராளமா இருக்கே, உடம்பு கெடாம இருக்க அதை வச்சுக்கிட்டாங்க. யாருக்கு முதல்ல தெரிஞ்சுது? பல்லக்கு தூக்குறவனுக்கு. உயிரோட இருக்கிற மனுஷன் இறக்கத்துல பல்லக்கு சாயும்போது தன்னை அறியாம பின்னால சாய்வான், பாரம் தோள்ல மாறும். அன்னைக்கு கரை இறக்கத்துல பாரம் மாறல. முன்னால தூக்கினவன் திரும்பிப் பாக்கல, ஒரு வார்த்தை பேசல, தோளை மட்டும் மாத்திக்கிட்டான், பின்னால வந்தவனுக்கு அதுலயே புரிஞ்சுடுச்சு. தாலாட்டுல "காலாட்டாமப் போறியோ"னு வருதே அது இங்கிருந்து கசிஞ்சதுதான். கரை மக்களோ ராஜா சாகவே இல்ல, ஓத ராத்திரியில இப்பவும் பல்லக்கு கரை மேல போகுதுங்கிறாங்க.

சாகாத ராஜா உலகத்துல நிறைய பேர் இருக்காங்க. ஜெர்மானியப் பேரரசன் பிரெடெரிக் பார்பரோசா 1190ல சிலுவைப் போருக்குப் போற வழியில ஆத்துல மூழ்கிச் செத்தான், ஆனா கதையில கிஃப்ஹாய்சர் மலைக்குள்ள மேஜை முன்னால தூங்கிட்டு இருக்கான், தாடி மேஜையைச் சுத்தி வளருது, மலையைச் சுத்திக் காக்கா பறக்குறது நிக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டான். சுவாரசியம் என்னன்னா இந்தத் தூங்குற ராஜா கதை முதல்ல அவனோட பேரன் ரெண்டாம் பிரெடெரிக்கைப் பத்தினது, 1250ல செத்தவர், பின்னாளில தாத்தா மேல ஒட்டிக்கிச்சு. அப்புறம் 1896ல அந்த மலையிலயே முதலாம் வில்ஹெல்முக்கு நினைவுச் சின்னம் கட்டி, பார்பரோசா எழுந்து வந்தது இவர் ரூபத்துலதான்ங்கிற மாதிரி காட்டிக்கிட்டாங்க. கதை ஒருத்தன்கிட்ட இருந்து இன்னொருத்தனுக்குக் கை மாறும். அதனால உங்க பேரரசனுக்கு வேற பழைய ராஜாவோட கதை ஒண்ணைத் தூக்கி மாட்டி விடுங்க, அவனோட கதை ஒண்ணை பின்னால வர்ற ஒருத்தன் திருடட்டும்.

அழிக்கப்பட்டவங்களை மறந்துடாதீங்க. பெர்லின்ல ஒரு வட்டமான மரப்பலகை ஓவியம் இருக்கு, எகிப்துல இருந்து வந்தது, ரோமப் பேரரசர் செப்டிமியஸ் செவெரஸ், மனைவி ஜூலியா டோம்னா, ரெண்டு பசங்க. ரெண்டு பசங்கள்ல ஒருத்தன் முகம் சுரண்டி எடுக்கப்பட்டிருக்கு. அது கெட்டா, 211ல அண்ணன் கராகல்லா அவனைக் கொன்னுட்டு அவன் பேர், உருவம் எல்லாத்தையும் அழிக்கச் சொன்னான். உடம்பு இருக்கு, உடுப்பு இருக்கு, முகம் மட்டும் இல்ல. அழிச்சவங்க பலகையையே எரிச்சிருந்தா கெட்டாவை அங்க யாரும் தேட மாட்டாங்க, சுரண்டினதாலதான் கண்ணு நேரா அங்க போகுது. உங்க கதையிலயும் ஒரு ஆளை அழிங்க, ஆனா ஓட்டையை மூடாதீங்க. என் கதையில மதகு மேல ஒரு கல்லு, அதுல ரெண்டு பெயர் வெட்டியிருக்கு, ரெண்டாவது பெயரை உளியால கொத்தி விட்டிருக்கு. படிக்கிறவங்களுக்கு அது அளத்தின்னு நான் சொல்றதே இல்ல.

கடைசியா கையில தொடுற மாதிரி ஒரு பொருள் வேணும். தொறுவன் முதல் நாள் ஊர் பாக்க ஒரே ஒரு கூடை மண் சுமந்தான், அதுக்குத் தலையில வச்ச சும்மாடை யாரோ எடுத்து வச்சாங்க. மூணு தலைமுறையில அது பொக்கிஷத்துக்குப் போச்சு, அஞ்சாவது தலைமுறையில பொன்னுல அதே மாதிரி சுருட்டி மகுடம் செஞ்சாங்க. இப்ப அரண்மனையில கேட்டா அது பாம்புச் சுருள், எங்க குலத்தைக் காக்குற நாகம்ங்கிறாங்க. கரையில மண்ணு சுமக்குற பொம்பளை திருவிழாவுல அந்த மகுடத்தைப் பாத்த உடனே சும்மாடுன்னு கண்டுபிடிச்சிடுவா, அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல.

ரெண்டு நோட்டும் நிறைஞ்சதுக்கு அப்புறம்தான் நாவல் எழுத உக்காரணும். அப்பவும் பேரரசனை நடுவுல வைக்காதீங்க, அவன் செத்து இருநூறு வருஷம் கழிச்சு அவன் கதை உண்மையா இருக்கணும்னு தேவைப்படுற ஒரு சாதாரண ஆளை நடுவுல வைங்க. எனக்கு அது மேட்டு நாட்டுல இருந்து கரையோரம் கல்யாணமாகி வந்த ஒரு பொண்ணு. புருஷன் ஊர்ல வருஷா வருஷம் கரைத் திருவிழா, வீட்டுக்கு ஒரு கூடை மண்ணு கொண்டு போய் கொட்டணும், கூடவே ஒரு பிடி தானியம் தூவணும், ராஜா பசியோட இருப்பார்னு நம்பிக்கை. மாமியார் கூடையையும் கொடுத்து, இந்தா தாயி, ராஜாவுக்குன்னு ஒரு பிடி தினையையும் கையில கொடுக்கிறாங்க. எல்லாரும் தூவிட்டு இறங்கிட்டாங்க, இவ மண்ணைக் கொட்டிட்டா, ஆனா கை விரியல. வீட்டுக்கு வந்து அந்த தினையை முந்தானையில முடிஞ்சு வச்சுக்கிட்டா, அடுத்த மழைக்குக் கொல்லையில விதைச்சா.